நோபிள் பார்க்கில் ஒரு பள்ளிக்கூடம்

மெல்பர்ன் நகரின் மையத்தில் டாண்டினாங் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் நோபிள் பார்க். சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அதற்குச் சற்று முன்னால் வியட்நாமியர்களின் ஊரான ஸ்பிரிங்வேல். சற்றுத் தள்ளி, ஆப்கானியர்களுக்கென்று ஒரு கடைத்தெருவே இருக்கும் டாண்டினாங். இந்தோசீனா, பால்கன், சூடான், ஆப்கானிஸ்தான், ஈழம் என்று எங்கே போர் நடந்தாலும், சில ஆண்டுகள் கழித்து அதன் பிள்ளைகளில் சிலர் இந்த ரயில் பாதையோரத்தில் வந்து குடியேறிவிடுகிறார்கள். அவர்களுக்காக நோபிள் பார்க்கில் ஒரு பள்ளி இருக்கிறது: நோபிள் பார்க் ஆங்கில மொழிப் பள்ளி.

புதிதாக வந்த பிள்ளையை நேராக உயர்நிலைப் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளிவிடாமல், முதலில் இப்படி ஒரு பள்ளியில் சேர்ப்பது விக்டோரியா மாநிலத்தின் வழக்கம். காலிங்வுட், பிளாக்பர்ன், மேற்கே பிரேபுரூக் பக்கம் என்று வேறு சில இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் உண்டு. சிட்னியில் இதையே ‘தீவிர ஆங்கில மையம்’ என்கிறார்கள். ஃபேர்ஃபீல்டு, கப்ரமட்டா, மில்லர், செஸ்டர் ஹில், ஹால்ராய்டு என மேற்குப் புறநகர்களில் உயர்நிலைப் பள்ளிகளின் வளாகத்திலேயே இவை இயங்குகின்றன. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட சிறு வகுப்பு. அறிவியலும் கணக்கும் வரலாறும் அங்கேயும் உண்டு; ஆனால், ஒவ்வொரு பாடமும் ஆங்கிலப் பாடமாகவும் நடக்கும். ஆசிரியரோடு பிள்ளையின் மொழி தெரிந்த உதவியாளர் ஒருவரும் இருப்பார். பல இடங்களில் அவரும் முன்பு அகதியாக வந்தவர்தான்.

மொழி மட்டுமல்ல, பள்ளி என்கிற ஏற்பாட்டையே அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். பாடவேளைக்குப் பாடவேளை மாணவர்தான் அறை மாற வேண்டும், ஆசிரியர் வர மாட்டார். லாக்கருக்கு எண் பூட்டு. சுற்றுலா போக வீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். நீச்சல் விழா என்று ஒரு நாள் வரும். கடலில் படகுப் பயணத்தில் பிழைத்து வந்த பிள்ளை, அன்றைக்குக் குளத்தருகே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்குக் காரணம் கேட்காமல் நிழலில் உட்காரவைத்து, நேரம் குறிக்கும் கடிகாரத்தைக் கையில் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்தான் அங்கே வேண்டும்.

ஆஸ்திரேலியா இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க மத்திய அரசு 1970-ல்தான் தனித் திட்டம் கொண்டுவந்தது. அதுவரை, போருக்குப் பிந்தைய ஐரோப்பாவிலிருந்து வந்த பிள்ளைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தாமாகக் கற்றுக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் தொழிற்சாலைக்குப் போனார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பிள்ளைகள் வரத் தொடங்கியதும், குடியேறிகளுக்கான சேவைகளை ஆராய்ந்த கால்பாலி அறிக்கை 1978-ல் வந்ததும்தான் இந்த மையங்களுக்கு உருவம் கிடைத்தது. உலகத்தில் அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேசும் நாடுகளில், வகுப்பறைக்குள் இவ்வளவு அனுபவம் சேர்த்துவைத்திருக்கும் நாடுகள் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஏனென்றால், இனி நான் சொல்லப்போவது குறை.

குறை எங்கே என்றால், காலத்தில். விக்டோரியாவில் இந்த மொழிப் பள்ளிகளில் ஒரு பிள்ளை பொதுவாக இரண்டிலிருந்து நான்கு பருவங்கள் இருக்கலாம். ஒரு பருவம் சுமார் பத்து வாரம். சிட்னியிலும் கணக்கு ஏறத்தாழ ஓராண்டை ஒட்டியதுதான். படிப்பு தடைப்பட்டு வந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல். கனடாவின் மொழியியல் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் எழுபதுகளின் கடைசியிலிருந்தே சொல்லிவருவது வேறு கணக்கு. விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்; பாடப்புத்தகத்தின் ஆங்கிலம் வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது அவருடைய ஆய்வின் சாரம். அதுவும் சொந்த மொழியில் ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைக்கு. இடையில் பள்ளியையே பார்க்காதவர்களுக்கு அதற்கும் மேல். ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். தெரிந்துகொண்டேதான் ஓராண்டில் அனுப்பிவைக்கிறார்கள்.

கிளிநொச்சியில் 1996-ல் பிறந்த பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். 2008-ன் கடைசி மாதங்களில் அவனுடைய பள்ளி மூடப்பட்டு, மரத்தடிக்கு மாறி, பிறகு மரத்தடியும் இல்லாமல் போனது. 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிக்குளம் மெனிக் பார்ம் முகாமில் முள்வேலிக்குள் வகுப்பு. வெளியே வந்தபின் உறவினர் வீடுகள். 2012-ல் படகு, கொக்கோஸ் தீவு, தடுப்பு முகாம், ஒருவழியாக மெல்பர்ன். இப்போது அவனுக்குப் பதினாறு வயது. பள்ளியில் வயதைப் பார்த்துத்தான் வகுப்பு போடுவார்கள், படித்ததைப் பார்த்து அல்ல. மொழிப் பள்ளியில் ஓராண்டு முடிந்ததும் பதினோராம் வகுப்பு. இந்தக் கதை ஒருவருடையது அல்ல. அந்த ஆண்டுகளில் வந்த பல பையன்களின் வழித்தடம் இதுதான்.

கணக்கில் அவன் சோடை போக மாட்டான். சமன்பாடு என்றால் நொடியில் தீர்ப்பான். அதையே ‘ஒரு விவசாயி தன் நிலத்துக்கு வேலி போட நினைக்கிறார்’ என்று ஐந்து வரி ஆங்கிலத்தில் கேட்டால் பேனா நின்றுவிடும். வரலாற்றுப் பாடம் இன்னும் கடினம். இலங்கையின் சாதாரண தரத் தேர்வுக்கு நோட்ஸை மனப்பாடம் செய்து பழகியவனிடம் ஒரு பழைய கேலிச்சித்திரத்தையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து, ‘இந்தச் சான்றுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?’ என்று கேட்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வான எச்.எஸ்.சி-யில் வினாச்சொற்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு: விவரி, விளக்கு, பகுத்தாராய், மதிப்பிடு, நியாயப்படுத்து. இயற்பியலில்கூட ‘விவரி’ என்ற இடத்துக்கு ஒரு விடை, ‘மதிப்பிடு’ என்ற இடத்துக்கு வேறு விடை. விஷயம் தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசையில் ஆங்கில மதிப்பெண் கட்டாயம் சேரும் என்பதால், இயற்பியலில் தூக்கியது ஆங்கிலத்தில் இறங்கிவிடும்.

ஆங்கிலம் கூடுதல் மொழியாக உள்ளவர்களுக்கு என்று தனி ஆங்கிலப் பாடம் இரு மாநிலங்களிலும் இருப்பது உண்மைதான். பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் ஆங்கில வழியில் ஐந்தாண்டுகளுக்கு மேல் படித்திருந்தால் அது கிடையாது என்கிறது நியூ சவுத் வேல்ஸ். விக்டோரியா, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் ஏழாண்டு என்று வைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். பத்து வயதில் வந்து, நடுவில் தடுப்பு முகாமுக்கும் வாடகை வீடுகளுக்கும் இடையே ஐந்து பள்ளி மாறிய பிள்ளைக்கு, எந்த மாநிலத்தில் வாழ்கிறோம் என்பதே பல்கலைக்கழகத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

பணத்தின் கதையை நீட்டத் தேவையில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு தனியாகத் தந்துவந்த மொழிக்கல்வி மானியம் 2009-ல் பொது நிதியோடு கலக்கப்பட்டது. பிறகு வந்த தேவை அடிப்படையிலான நிதி முறையில், ஆங்கிலம் மிகக் குறைவாகத் தெரிந்த மாணவருக்கு அடிப்படைத் தொகையில் 10% கூடுதல். அந்தப் பணம் மொழி ஆசிரியருக்குத்தான் போகிறதா, பள்ளியின் வேறு ஓட்டைகளை அடைக்கப் போகிறதா என்று பெற்றோர் கேட்க முடியாது. அகதிப் பெற்றோருக்கு அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது.

அவர்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டால் வருவார்கள், முன்வரிசையில் உட்காரவும் செய்வார்கள். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்க 131 450 என்ற தேசிய எண் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே பெறலாம். ஆனால், மாலை நேரப் பெற்றோர் சந்திப்பில் ஒரு ஆசிரியருக்கு ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம்கூடக் கிடையாது. யார் போன் போட்டுக் காத்திருப்பது? ஆகவே, பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். “உங்கள் மகன் வீட்டுப்பாடம் செய்வதில்லை” என்று ஆசிரியர் சொல்வதை அவனே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். என்ன சொல்லியிருப்பான் என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இது சிரிக்கக்கூடிய பகுதி. வங்கி, மருத்துவமனை, வீட்டு வாடகை ஏஜென்ட், வழக்கறிஞர் அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் அவனையே கூட்டிக்கொண்டு போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. காணாமல் போன அண்ணனைப் பற்றி அம்மா வழக்கறிஞரிடம் சொல்வதை, வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் அவன்தான். மறுநாள் காலை முதல் பாடவேளையில் வேதியியல். தனியாக வந்த பையன்களின் நிலைமை இன்னும் விசித்திரம். பெற்றோர் இன்றி வந்த அகதிச் சிறாருக்கு, 1946-ம் ஆண்டின் ஒரு சட்டப்படி, குடிவரவு அமைச்சர்தான் பாதுகாவலர். அந்தப் பிள்ளையைத் தடுத்துவைக்கும் அதிகாரமும் அவரிடமே, அவனுக்கு அப்பா ஸ்தானமும் அவருக்கே. பதினெட்டு வயது முடிந்தால் அந்த உறவும் முடிந்தது.

போர் உடம்பில் தங்கிவிடும் என்பதை இந்த இரு நகரங்களும் ஓரளவு புரிந்துகொண்டிருக்கின்றன. சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பியவர்களுக்காக மெல்பர்னில் 1987-ல் ‘ஃபவுண்டேஷன் ஹவுஸ்’ தொடங்கியது. சிட்னியில் அடுத்த ஆண்டு ‘ஸ்டார்ட்ஸ்’ வந்தது. ஃபவுண்டேஷன் ஹவுஸ் பள்ளிகளுக்கென்றே ஒரு கையேடு எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. அது சொல்வதில் பாதி எளிய விஷயங்கள். தீ ஒத்திகை மணி அடிக்கப்போகிறது என்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள். திடீரென்று பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். நாளைய ஆசிரியர் வேறு ஒருவர் என்றால் இன்றே தெரிவியுங்கள். கிபிர் விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு, பள்ளிக்கு மேல் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் என்ன செய்யும் என்பது ஈழத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், அந்த நேரத்தில் மேசைக்கடியில் போனவனை ‘ஒழுங்கீனம்’ என்று எழுதிவைக்காமல் இருக்க, அந்த ஆசிரியருக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டார்ட்ஸ் அமைப்பு மேற்கு சிட்னிப் பள்ளிகளில் கப்போய்ரா நடத்துகிறது. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்த கலை. பாதி சண்டை, பாதி நடனம், கூடவே தாளமும் பாட்டும். எதிரே நிற்பவனை அடிக்காமல் அடியின் எல்லைவரை போய்த் திரும்புவதுதான் அதன் வித்தை. ஆலோசகர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காத பையன்கள் அந்த வட்டத்துக்குள் இறங்குகிறார்கள். நம்மிடம் சிலம்பமும் பறையும் இருக்கின்றன. சிட்னித் தமிழ் அமைப்புகள் ஆண்டுவிழா மேடைக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளாமல், இந்தப் பக்கமும் யோசித்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் சேர்த்து ஒரே பள்ளிக்குள் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. சிட்னியின் மேற்கில் உள்ள ஹால்ராய்டு உயர்நிலைப் பள்ளிக்கு டாரதி ஹாடினாட் 1995-ல் தலைமையாசிரியராக வந்து, 2018 வரை இருந்தார். மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அகதிப் பின்னணி கொண்டவர்கள் என்ற நிலைக்கு அந்தப் பள்ளி வந்தது அவர் காலத்தில்தான். பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும் பள்ளி என்ற பெயரை மாற்றி, பட்டதாரிகளை அனுப்பும் பள்ளியாக அதை ஆக்கினார். அவரிடம் மந்திரம் எதுவும் இல்லை. எல்லாப் பாட ஆசிரியர்களும் மொழி ஆசிரியர்கள்தான் என்பதில் கறாராக இருந்தார். பிள்ளை பதினெட்டைத் தாண்டினாலும், இன்னும் ஒரு வருடம் வேண்டுமென்றால் வைத்துக்கொண்டார். 2014-ல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பதக்கத்தைவிட முக்கியமானது அவர் தொடங்கிய நிதி. ஹோவார்டு அரசு 1999-ல் தற்காலிகப் பாதுகாப்பு விசாவைக் கொண்டுவந்திருந்தது. அந்த விசாவில் இருந்த ஒரு மாணவி, படிப்பை முடிக்கும் முன் பள்ளியை விட்டுப் போக வேண்டிய நிலைமை. தலைமையாசிரியர் நண்பர்களிடம் கையேந்தினார். ஒருத்திக்காகத் திரட்டியது பிறகு பல மாணவர்களைப் பல்கலைக்கழகத்தில் தாங்கும் நிதியாக வளர்ந்தது; ‘ஜைனபின் நண்பர்கள்’ என்று அதற்கு அந்தப் பெண்ணின் பெயரையே வைத்தார்கள். அழகான செய்திதான். ஆனால், ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் தன் அரசின் விசா விதியிலிருந்து மாணவியைக் காப்பாற்ற நன்கொடை வசூலிக்க வேண்டியிருந்தது என்றும் இதைச் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன். பள்ளிக்கல்வித் துறை ஒரு கையால் கொடுத்ததை குடிவரவுத் துறை இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் நடப்பது இதுதான்.

வாங்கிக்கொண்ட பிறகு, ‘இவர்கள் எங்களோடு சேர மாட்டேன் என்கிறார்கள்’ என்று பேச்சு வேறு. 2007 செப்டம்பரில் இதே நோபிள் பார்க்கில் சூடான் இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் ஆப்பிரிக்கர்கள் அல்ல. ஆனால், அடுத்த சில நாட்களில் குடிவரவு அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ், ஆப்பிரிக்க அகதிகளில் சில குழுக்கள் ஆஸ்திரேலிய வாழ்க்கையோடு பொருந்தி வரவில்லை என்று பேசினார். அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததற்கு அதையே காரணமாகவும் காட்டினார். கொலையுண்டவனின் சமூகத்துக்கே குற்றப்பத்திரிகை. 2018 ஜனவரியில் அப்போதைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன், ஆப்பிரிக்கக் கும்பல்களுக்குப் பயந்து மெல்பர்ன் மக்கள் இரவு சாப்பிட வெளியே போவதில்லை என்றார். மெல்பர்ன்காரர்கள் சமூக வலைதளங்களில் தங்கள் சாப்பாட்டுத் தட்டுகளைப் படம் எடுத்துப் போட்டுக் கிண்டல் செய்தார்கள். ஆனால், மறுநாள் பள்ளிப் பேருந்தில் ஏறிய தெற்கு சூடான் மாணவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 2012-ல் மட்டும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ம் தேதியை ஆஸ்திரேலியத் தமிழ் அகதிகள் பிறந்தநாள்போல ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு படகில் வந்தவர்களின் விண்ணப்பங்களை அரசு ஆண்டுக்கணக்கில் எடுக்கவே இல்லை. இணைப்பு விசா என்ற தற்காலிகத் தாளில் வைத்திருந்தது. 2014 டிசம்பரில் ‘விரைவுப் பாதை’ என்று ஒரு முறை வந்தது. பெயர்தான் விரைவு. மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை, பெரும்பாலும் ஆளை நேரில் கேட்காமலே, காகிதத்தை வைத்துத் தீர்ப்பார்கள். அந்த முறையையே 2024 அக்டோபரில் மூடிவிட்டார்கள், சரியில்லை என்று. அது தந்த மறுப்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளியில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. சீருடை, நெட்பால் அணி, பள்ளி முகாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நடனவிழா. ஆங்கிலத்தில் கனவு காண்கிற அளவுக்கு ஆஸ்திரேலியர் ஆகிவிட்டார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘குடியுரிமை நிலை’ என்ற கட்டத்தை நிரப்பும் நாளில்தான், தாங்கள் வெளிநாட்டு மாணவர் என்று அவர்களுக்குத் தெரியவந்தது. அரசு உதவிபெறும் இடம் இல்லை, கல்விக் கடன் இல்லை. முழுக் கட்டணம் கட்டினால் சேரலாம். சென்னையிலிருந்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மோனாஷில் சேரக் கட்டுகிற அதே கட்டணத்தை, டாண்டினாங் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவரின் மகள் கட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க உதவித்தொகைகள் தந்தன. தொழிற்கல்விக்கு விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் ஓரளவு கதவைத் திறந்துவிட்டன. மற்றவர்கள் பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள்.

2023 பிப்ரவரியில் ஆல்பனீசி அரசு, தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தது. உயர்கல்வி உதவியும் அதில் அடக்கம். நல்ல காரியம். தாமதமானாலும் நல்ல காரியம். விரைவுப் பாதையில் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதில் இல்லை. ஒரே தெருவில், ஒரே படகில் வந்த இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுப் பெண் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள், அடுத்த வீட்டுப் பெண்ணால் சேர முடியவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் குரூரம்.

2024 ஜூலையில் மெல்பர்ன் டாக்லாண்ட்ஸ் பகுதியில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியே கூடாரம் அடித்து இரவுபகலாகப் போராட்டம் தொடங்கியது. சிட்னியில் அமைச்சர் டோனி பர்க்கின் பஞ்ச்பவுல் அலுவலக வாசலில் இன்னொன்று. முன்னால் நின்றவர்களில் பலர் பத்து, பன்னிரண்டு வயதில் வந்து, ஆஸ்திரேலியப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்கள். மெகாபோனில் அவர்கள் பேசிய ஆங்கிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பேசுபவர் எந்த நாட்டவர் என்று சந்தேகமே வராது. ஆகஸ்ட் கடைசியில், பன்னிரண்டு வயதில் படகில் வந்து, பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாக இணைப்பு விசாவில் காத்திருந்த 23 வயது ஈழத் தமிழ் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டாக்லாண்ட்ஸ் போராட்டத்தில் கலந்துகொண்டவர் அவர். அது நடந்த இடம் நோபிள் பார்க்.

மொழியில் தோற்றதனால் வந்த சாவு அல்ல இது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அகதிப் பிள்ளைகளைப் பற்றிய கருத்தரங்குகளிலும் ஆய்வறிக்கைகளிலும் பேச்செல்லாம் மொழி, பண்பாடு, மனநலம் என்றே சுற்றிவருவதுதான். அவை முக்கியம், இந்தக் கட்டுரையிலும் பாதி அதுவே. ஆனால், அந்தத் தடைகளையெல்லாம் ஏறித் தாண்டியவர்களைக் கடைசியில் ஒரு தாள் நிறுத்துகிறது என்றால், பள்ளியை மட்டும் சீர்திருத்தி என்ன பயன்?

தமிழ்நாட்டு வாசகர்கள் இதை ஆஸ்திரேலியாவின் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள். மண்டபம் முகாமில் இறங்கிய பிள்ளைக்கு மொழித்தடை என்ற ஒன்றே கிடையாது. அடுத்த வாரமே பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்து, பிறகு நம் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண்ணும் வாங்கியது. 1991-க்குப் பிறகு சில ஆண்டுகள் கல்விச் சலுகைகள் பறிக்கப்பட்டதும், 1996-க்குப் பிறகு பொறியியல் உள்ளிட்ட இடங்கள் திரும்பக் கிடைத்ததும், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அதற்காகப் போராடியதும் வரலாறு. 2021-ல் முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது தமிழக அரசு. இவ்வளவுக்குப் பிறகும், இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் முடித்த முகாம் இளைஞன் பெயின்ட் அடிக்கப் போகிறான். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. மொழியும் உணவும் சாமியும் ஒன்றாக இருந்தும் அவன் அந்நியன் என்றால், மெல்பர்னில் ஆங்கில வகுப்பைக் கூட்டுவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படி நம்புவது?

ஆஸ்திரேலியத் தமிழர்களிடமும் ஒரு வார்த்தை. சிட்னியின் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், துங்காபி வட்டாரம் தமிழ்க் கடைகளும் தமிழ்ப் பள்ளிகளும் நிறைந்தது. கிராவீனில் நுழைவுத் தேர்வெழுதிச் சேரும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹால்ராய்டு. எண்பதுகளில் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வந்தவர்களின் வீடுகளில் முதல் பள்ளி பற்றி இரண்டாம் வகுப்பிலிருந்தே பேச்சு. சனிக்கிழமை காலை டியூஷன், மதியம் தமிழ், மாலை பரதம். இரண்டாவது பள்ளியின் பெயர் அந்த வீடுகளில் அதிகம் அடிபட்டதில்லை. படகில் வந்த பையனுக்கு வாரம் இரண்டு மணி நேரம் எச்.எஸ்.சி வினாச்சொற்களை விளக்க ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பொறியாளர் போதும். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். பெயர் வெளியே தெரிய விரும்பாதவர்கள். ஆனால், தமிழ்ச் சங்க ஆண்டுமலரில் தரவரிசையில் 99 வாங்கிய பிள்ளைகளின் படம் வரும் அளவுக்கு, பதினேழு வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கி 62 வாங்கியவனின் படம் வருவதில்லை. இரண்டில் எது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தமிழையே எச்.எஸ்.சி-யிலும் விக்டோரியாவின் வி.சி.இ-யிலும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்ற தகவல்கூட இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பத்தாம் வகுப்பு கடந்த பிறகுதான் போய்ச் சேர்கிறது.

அரசு செய்ய வேண்டியவை புதியவை அல்ல. ஓராண்டு மொழிப் பள்ளியை, படிப்பு தடைப்பட்டு வந்த பதின்வயதினருக்கு இரண்டாண்டாக்குவது ஆசிரியர்கள் நெடுநாளாகக் கேட்பது. இருபது, இருபத்தொரு வயதுவரை பள்ளியில் இருக்க அனுமதி. மொழிக்கென்று வரும் பணம் மொழிக்கே. இதற்கெல்லாம் நிதிநிலை அறிக்கையில் பெரிய தொகை தேவைப்படாது. 2023-24 முதல் ஆண்டுக்கு 20,000 அகதிகளை ஏற்கிறோம் என்று பெருமைப்படும் நாட்டுக்கு, அவர்களில் பள்ளி வயதினருக்கு இன்னொரு வருடம் தருவது முடியாத காரியமில்லை.

விசாவுக்குப் பணமே தேவையில்லை. பெற்றோரின் விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரும் ஒட்டியிருந்தது. பெற்றோருக்கு வந்த மறுப்பு பிள்ளைக்கும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பை ஆஸ்திரேலியாவில் முடித்தவருக்கு நிரந்தர விசா என்று ஒரு வரி விதி போதும். சட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கவும் அவசியமில்லை. பொதுநலன் கருதித் தலையிடும் தனி அதிகாரத்தைக் குடிவரவுச் சட்டம் அமைச்சருக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சின்ன ஊர் நான்காண்டுகளுக்கு மேல் விடாமல் போராடியதில், அந்த ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு 2022 ஆகஸ்டில் அதே அதிகாரத்தைக் கொண்டுதான் நிரந்தர விசா கிடைத்தது. இறைச்சித் தொழிற்சாலை ஊர். பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர். அந்த ஊரார் அகதிக் கொள்கை பற்றிக் கருத்தரங்கு நடத்தவில்லை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நோபிள் பார்க்கிலும் டாண்டினாங்கிலும் பஞ்ச்பவுலிலும் பள்ளி முடித்து நிற்கும் பிள்ளைகளுக்காக அப்படிக் கேட்க, அவர்களோடு ஒரே வகுப்பில் படித்த ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது வாக்குரிமை வந்துவிட்டது.